புதன் வக்கிரம்: தேதிய நீங்களே கண்டுபிடிக்கிறது எப்படி?

போன் ஹேங் ஆனாலும் புதன் வக்கிரம் (புதன் பின்னாடி போற மாதிரி தெரியிற காலம்), மெயில் ஆள் மாறிப் போனாலும் புதன் வக்கிரம்னு ரீல்ஸ் பாத்துட்டு பயப்படுறாங்க, சரி எந்த தேதியிலருந்து எந்த தேதி வரைன்னு கேட்டா முழிப்பாங்க. ஜாதகம் பாக்கத் தெரியாதவங்களும் இத கண்டுபிடிச்சிடலாம், வாங்க.

1. வானத்துல என்ன நடக்குது

மைதானத்துக்கு நடுவுல ஒரு மரம். அத சுத்தி உள்வட்டத்துல ஒருத்தர் வேகமா ஓடுறாரு, நீங்க வெளிவட்டத்துல அதே திசையில மெதுவா நடக்குறீங்க. அவர் மரத்துக்கு அந்தப் பக்கம் ஓடும்போது வலமிருந்து இடமா போற மாதிரி தெரிஞ்சா, இந்தப் பக்கம் வந்து உங்கள முந்தும்போது இடமிருந்து வலமா தெரியும். அவர் திரும்பவே இல்லீங்க, உங்க கண்ணுக்குத்தான் அப்படி. புதன் சூரியன சுத்த 88 நாள், பூமிக்கு 365, அதனால சுமார் 116 நாளைக்கு ஒருதடவ நம்மள முந்திட்டுப் போகுது, அப்பதான் பின்னாடி போற மாதிரி தெரியும். வருஷத்துக்கு மூணு, சில வருஷம் நாலு தடவ, ஒவ்வொண்ணும் மூணு வாரம் போல.

2. டிகிரிய படிங்க

திருக்கணித பஞ்சாங்கத்துலயோ ஆப்லயோ கிரக ஸ்புடம்னு, எந்த கிரகம் எந்த ராசியில எத்தன டிகிரியில இருக்குன்னு காட்டுற ஒரு டேபிள் இருக்கும், அதுல புதன் வரிசைய மட்டும் விரல் வச்சு கீழ இறங்குங்க. 2026 அக்டோபர்ல பாருங்க, டிகிரி ஏறிட்டே வந்து 24ஆம் தேதி துலாம் 27 டிகிரி கிட்ட நின்னுடும், அப்புறம் 26, 25ன்னு குறைஞ்சு நவம்பர் 13ல 11 டிகிரி பக்கம் வந்து மறுபடி ஏற ஆரம்பிக்கும். குறையிற காலம்தான் வக்கிரம், ஏற ஆரம்பிக்கிறது வக்கிர நிவர்த்தி, அவ்ளோதான். வெஸ்டர்ன் ஆப்ல இதே சமயம் விருச்சிகம்னு இருக்கும், அயனாம்சம், அதாவது நம்ம ராசிக் கணக்குக்கும் அவங்க கணக்குக்கும் உள்ள வித்தியாசம், சுமார் 24 டிகிரி கழிக்காததால, தேதி என்னவோ அதேதான்.

3. உங்க கட்டத்துல எண்ணுங்க

மேஷ லக்னம்னு வச்சுக்கோங்க, லக்னத்த 1ன்னு வச்சு எண்ணுனா புதன் 3ஆம் இடத்துக்கும் 6ஆம் இடத்துக்கும் அதிபதி, துலாம் 7ஆம் இடம், அதாவது கூட்டாளிக்கான இடம். அதனால கூட்டாளியோட பேசி முடிச்ச விஷயம் திரும்ப பேச்சுக்கு வரும், பேப்பர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ படிங்கன்னு சொல்லுவாங்க. இதுக்கு விஞ்ஞான ஆதாரம் கிடையாது, ஆனா ரெண்டு தடவ படிக்கிறதுல நஷ்டமும் கிடையாதுல்ல.

4. பிறந்த ஜாதகத்துல (வ) இருந்தா

புதனுக்குப் பக்கத்துல (வ)ன்னு போட்டிருந்தா பிறக்கும்போதே வக்கிரம். உடனே அழாதீங்க, வக்கிர கிரகத்துக்கு சேஷ்டா பலம் (கிரகம் நகருற விதத்தால வர்ற பலம்) ஜாஸ்தின்னுதான் நம்ம ஜோதிடம் சொல்லுது, பலவீனம்னு இல்ல.

சூரியனுக்கும் சந்திரனுக்கும் வக்கிரமே கிடையாது, அதனால சந்திரனுக்கு (வ) போடுற ஆப் எதாவது உங்க போன்ல இருந்தா மொதல்ல அத தூக்கிடுங்க.