எந்த மா என்று கேளுங்கள்: குளூட்டன் ஒவ்வாதவர்கள் வெளியில் சாப்பிடும்போது விடும் தவறுகள்

முதல் தவறு கேள்வியிலேயே தொடங்குகிறது. திருகோணமலை உப்புவெளியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து "இதில குளூட்டன் இருக்கா?" என்று கேட்டால், பரிமாறுகிற தம்பி பெரும்பாலும் "இல்லை" என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. குளூட்டன் என்று தனியாக ஒரு சாமான் அவருடைய குசினியில் கிடையாது. அது கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களுக்குள்ளேயே இருக்கிற புரதம். "மா போட்டிருக்கா?" என்று கேட்டாலும் உதவாது, ஏனென்றால் எங்கள் பேச்சில் அரிசி மாவும் மா, கோதுமை மாவும் மா. ஆட்டா மா கோதுமை இல்லை என்று நம்புகிறவர்களும், ரவையைத் தனித் தானியம் என்று நினைக்கிறவர்களும் ஊரில் நிறைய. இரண்டும் கோதுமைதான்.

ஆகவே பெயர் சொல்லிக் கேளுங்கள்: "தம்பி, இதில கோதுமை மா, ஆட்டா, ரவை, பாண்தூள், சோயா சோஸ் ஏதாவது சேருதா? சமைக்கிறவரிட்ட கேட்டுச் சொல்லுங்க." சமையல்காரர் சிங்களவர் என்றால் கோதுமை மாவுக்கு "பாண் பிட்டி" என்ற சொல் உடனே விளங்கும்.

"கொஞ்சம்தானே" என்பது அடுத்த தவறு. சீலியாக் நோய், அதாவது குளூட்டன் சாப்பிட்டால் குடல் பாதிக்கப்படும் நோய், உள்ளவருக்கு ஒரு நாளில் 10 மில்லிகிராம் வரையான குளூட்டன் பெரும்பாலும் குடலைப் பாதிக்காது என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். ஒரு துண்டுப் பாணில் ஏறத்தாழ 2 கிராம், அதாவது அந்த அளவைப்போல் 200 மடங்கு இருக்கிறது. கோதுமை மாவாகப் பார்த்தால் 10 மில்லிகிராம் குளூட்டன் ஒரு சிட்டிகைக்கும் குறைந்த மாவிலேயே வந்துவிடும். பொதிகளில் "குளூட்டன் அற்றது" என்று அச்சிட 2008இல் திருத்தப்பட்ட கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற எல்லையை வைத்திருப்பதும் இதனால்தான். பீட்சாவின் மேலிருக்கும் சீஸையும் கோழியையும் மட்டும் வழித்துச் சாப்பிடுவது, சூப்பில் மிதக்கும் வறுத்த பாண் துண்டுகளை எடுத்துப்போட்டுவிட்டுக் குடிப்பது, இரண்டும் பாண் சாப்பிட்டதற்குச் சமம்.

பீட்சாக் கடையில் பேஸ் குளூட்டன் இல்லாதது என்று கேட்டதும் பலர் திருப்தியாகிவிடுகிறார்கள். ஆனால் பிரச்சினை பேஸில் அல்ல, மேசையில் இருக்கிறது. மா உருண்டையைத் தட்டி விரித்த கை, கழுவாமலே சீஸ் டப்பாவுக்குள் போகிறது, அங்கிருந்து வெங்காயத்துக்கும் ஒலிவ் காய்க்கும் போகிறது. அந்த டப்பாக்களின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது கோதுமை மா. சோஸை அள்ளும் கரண்டியின் அடிப்பக்கம் பச்சை மாவைத் தடவிவிட்டு மறுபடி சோஸ் சட்டிக்குள் இறங்குகிறது. பீட்சா ஒட்டாமல் வழுக்கட்டும் என்று அகப்பைப் பலகையில் ரவை தூவுகிறார்கள். கடைசியில் எல்லாப் பீட்சாவையும் வெட்டும் அதே சில்லுக் கத்தி.

விறகுப் போறணையின் 400 பாகைச் சூட்டில் எல்லாம் எரிந்துபோகும் என்று சமாதானம் சொல்வார்கள். ஏற்காதீர்கள். குளூட்டன் கிருமியல்ல, சூட்டில் சாவதற்கு. போறணைத் தரையில் கிடக்கும் மா உங்கள் பேஸின் அடியில் ஒட்டிக்கொண்டுதான் வரும்.

உங்கள் பீட்சா தனித் தட்டில், அலுமினியத் தாள் விரித்துப் போறணைக்குள் போகவேண்டும். சோஸும் சீஸும் புதிதாகப் பிரித்த பொதியிலிருந்து வரவேண்டும். கத்தியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும், இல்லையென்றால் வெட்டாமலே தரச் சொல்லுங்கள். சொசேஜ், மீட்போல் வேண்டாம், பாண்தூள் சேர்ந்திருக்கலாம். இதையெல்லாம் கேட்கும்போது கடைக்காரர் முகம் சுளித்தால், அங்கே பீட்சா சாப்பிடாதீர்கள். மீனைத் தனிச் சட்டியில் உப்பும் தேசிக்காயும் மட்டும் போட்டு வாட்டித் தரச் சொல்லலாம். டெவல் கணவாய் கேட்காதீர்கள், கணவாயை மாவில் பிரட்டிப் பொரித்து சோயா சோஸில் கிளறுவது வழக்கம். உருளைக்கிழங்குச் சிப்ஸும் ரோல்ஸ், கட்லட் பொரித்த அதே எண்ணெயில் வந்தால் கூடாது.

பேக்கரியில் எங்கள் கருத்து கண்டிப்பானது: கோதுமை மா குழைக்கும் அறையிலேயே செய்த எந்தக் கேக்கும், அரிசி மாக் கேக்காக இருந்தாலும், சீலியாக் உள்ளவருக்கு வேண்டாம். மெல்லிய மாத்தூள் காற்றில் மணிக்கணக்காக மிதந்து, திறந்து வைத்த எல்லாவற்றின் மேலும் இறங்கும். கண்ணாடி அலுமாரியில் மாலுபணிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் பால் டொபியை எடுப்பதும் பணிஸ் எடுத்த அதே இடுக்கிதான். சூன் பாண் ஓட்டோவிலும் இதே கதை. லவ் கேக்கில் ரவை இருக்கிறது. குரக்கன் பாண் என்று விற்பது பெரும்பாலும் கோதுமைப் பாணில் குரக்கன் கலந்தது. புளிக்கவைத்த சவர்டோ பாணும் கோதுமைப் பாணே. மூடிய கிண்ணத்தில் வரும் வட்டிலப்பம் நல்ல தெரிவு: தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி.

இனி, ஆகப் பெரிய தவறு. பீட்சாவில் இவ்வளவு கவனமாக இருப்பவர், "எங்கட சாப்பாடு அரிசிதானே" என்று சைவக் கடையில் ஏமாந்துபோவார். சீனன்குடா பிறிமா ஆலையில் கோதுமை மா அரைபடும் ஊர் இது, அந்த மா எங்கள் பலகாரங்களுக்குள் எப்போதோ வந்துவிட்டது. கடை இடியப்பத்தில், வெள்ளையானாலும் சிவப்பானாலும், அவித்த கோதுமை மா கலக்கலாம். பிட்டும் அப்படியே. உழுந்தோடு கோதுமை மா சேர்த்துக் கரைத்துப் புளிக்கவைக்கும் தோசை எங்கள் வீடுகளிலேயே உண்டு. அப்பத்திலும் சிலர் சேர்ப்பார்கள். சாம்பாருக்குப் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா கலந்திருப்பது பலருக்குத் தெரியாது, பொதியின் பின்பக்கத்தைப் படித்தால் இருக்கும். சோயா மீற்றையும் அப்படியே படித்துப் பாருங்கள்.

இரவுக் கடையில் பிரைட் ரைஸ் கேட்கிறவர் அந்தக் கல்லை ஒருமுறை உற்றுப் பார்க்கவேண்டும். கொத்து ரொட்டியின் கருகிய துணுக்குகள் கல்லின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், உங்கள் சோறும் அதன் மேல்தான் புரளப்போகிறது. தனித் தாச்சியில், சோயா சோஸ் இல்லாமல் செய்து தருவார்களா என்று கேளுங்கள். மத்தியானச் சோறும் பருப்பும் மரக்கறியும் பெரும்பாலும் நல்லது, மேலே வைக்கும் கட்லட்டை மட்டும் வைக்கவிடாதீர்கள். மோல்ற் பானங்கள், மாமைற், பியர் மூன்றிலும் பார்லி.

சீலியாக் நோயோ என்ற சந்தேகத்தில் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு இரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களும் உண்டு. குளூட்டன் சாப்பிடாமல் இருந்தால் அந்தப் பரிசோதனை தேடுகிற எதிர்ப்புரதத்தின் (antibody) அளவு இறங்கி, நோய் இருந்தாலும் இல்லை என்று முடிவு வரலாம். பரிசோதனை முடியும்வரை வழமைபோலச் சாப்பிடுங்கள்.

கேட்கும் நேரமும் முக்கியம். இரவு எட்டு மணிக்கு, மேசையெல்லாம் நிறைந்திருக்கும்போது, யாராலும் உங்களுக்காகக் கத்தி கழுவமுடியாது. பீட்சாவுக்குக் கடை திறந்தவுடன், மேசையில் மா பரவுமுன் போங்கள். தோசைக்கோ முதல்நாள் மத்தியானமே தொலைபேசியில் கேட்கவேண்டும், அன்று பின்னேரம் கரைத்து வைக்கும் மாதான் மறுநாள் காலைத் தோசையாக வரும்.