கச்சா எண்ணெய் எச்சத்தின் கட்டமைப்பை அகச்சிவப்பு நிறமாலையால் அறியும் முறை

வெற்றிட வடிப்புக்குப் பின் தங்கும் கரிய எச்சத்தை அப்படியே அளந்தால் எல்லாக் கூறுகளின் உறிஞ்சுகையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும் என்பதால், முதலில் அதன் ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 40 மில்லிலிட்டர் ஹெப்டேன் சேர்த்து, வீழ்படியும் அஸ்பால்ட்டீனை (எச்சத்தில் ஹெப்டேனில் கரையாத, டொலுயீனில் கரையும் கனமான கூறு) வடிகட்டிப் பிரித்து, சூடான ஹெப்டேனால் கழுவி, டொலுயீனில் கரைத்து, கரையாத கனிமத் துகள்களை நீக்க வேண்டும்.

பிறகு டொலுயீன் ஆவியாகிப் போகும்வரை பொறுமையாக உலர்த்தி, நிறமாலையை எடுங்கள். அதில் அலை எண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) 728, 694 அருகே கூரிய முகடுகள் தெரிந்தால் டொலுயீன் இன்னும் எஞ்சியிருக்கக்கூடும்.

நிறமாலையில் 2920, 2850 நிறைவுற்ற சங்கிலிகளையும், 1600 பென்சீன் போன்ற அரோமாட்டிக் வளையங்களையும், 1700 கார்பனைலையும் (கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு), 1030 சல்பாக்சைடையும் (கந்தகம்–ஆக்சிஜன் பிணைப்புள்ள தொகுதி) குறிக்கும். களிமண்ணில் உள்ள சிலிக்கேட்டும் 1030-ஐ ஒட்டியே உறிஞ்சுவதால், கனிமத்தை நீக்காத மாதிரியில் அந்த முகட்டை நம்பக் கூடாது. முகட்டின் உயரம் அளக்கப்படும் மாதிரிப் படலத்தின் தடிப்பைப் பொறுத்து மாறுமாதலால், 1600 முகட்டின் பரப்பை நிறைவுற்ற சங்கிலிகளுக்கே உரிய 1460, 1376 முகடுகளின் மொத்தப் பரப்போடு ஒப்பிட்ட விகிதத்தையே மாதிரிகளுக்கிடையே ஒப்பிட வேண்டும்.