ஷிமோகாமோ ஆற்றங்கரைக் கோயில்: திருநெல்வேலியிலிருந்து போகிறவர்களுக்கு

ஜப்பானில் கியோட்டோ போகும் நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் கியோமிசுதேராவையும் பொற்கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு காலைப்பொழுது மிச்சமிருந்தால் ஷிமோகாமோவுக்குப் போங்கள். சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியோடு சேர்வது போல இங்கே தகானோ ஆறு காமோ ஆற்றோடு சேர்கிறது. அந்தக் கூடலுக்கு வடக்கே, தாதாசு-நோ-மோரி என்ற பழங்காட்டுக்குள் இருக்கிறது இந்த ஷின்டோ கோயில். ஷின்டோ என்பது ஜப்பானியரின் பூர்வீக மதம். 1994 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். உள்ளே போகக் கட்டணம் இல்லை. மாலை 5 மணிக்கு அடைத்துவிடுவார்கள்.

கியோட்டோ நிலையத்திலிருந்து 4, 205 எண் பஸ்கள் நேராகப் போகும், ஆனால் கூட்டம் நெரியும். ரயில்தான் நல்லது. ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நாரா லைனில் அடுத்த ஸ்டேஷன் தோஃபுகுஜி. அங்கே கெய்ஹான் ரயிலுக்கு மாறி, கடைசி ஸ்டேஷனான தெமாச்சியானாகியில் இறங்குங்கள். மேலே வந்து மேற்கே பாலத்தைத் தாண்டி வடக்கே திரும்பினால் பத்துப் பன்னிரண்டு நிமிட நடை.

ஆறுகள் கூடுமிடத்தில் ஆமை வடிவக் கற்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். தாவித் தாவிக் கரை மாறலாம். மழை பெய்த மறுநாள் கல் வழுக்கும், தண்ணீர் கல்லை மூடியிருந்தால் கால் வைக்கவே கூடாது. குறுக்குத்துறையில் முங்கிய பழக்கத்தில் சோப்பும் துண்டுமாக இறங்கிவிடாதீர்கள். கால் நனைக்கலாம், அவ்வளவுதான்.

தோரீ என்ற வாயிலுக்கு முன் நின்று ஒருமுறை தலை குனிந்துவிட்டு நுழையுங்கள். பாதையின் நடுப்பகுதி சாமிக்கு. ஓரமாக நடக்க வேண்டும். செருப்பைக் கழற்றத் தேவையில்லை, வழியெல்லாம் சரளைக்கல். கட்டடத்துக்குள் ஏறச் சொன்னால் மட்டும் கழற்றினால் போதும். ஆண்கள் சட்டையைக் கழற்றுவதும் இங்கே வழக்கமில்லை. வீட்டில் துக்கம் நடந்து 50 நாள் ஆகாதவர்கள் ஷின்டோ கோயிலுக்குப் போவதில்லை. தீட்டு பார்க்கும் நம் ஆச்சிமார்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்காது.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. நம்மவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். வலக்கையால் அகப்பையை எடுத்து ஒரே ஒரு தடவை மொள்ளுங்கள். அந்த ஒரு மொண்ட தண்ணீரில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். முதலில் இடக்கை. அகப்பையை மாற்றிப் பிடித்து வலக்கை. மறுபடி மாற்றி, இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாய் கொப்பளித்துத் தொட்டிக்கு வெளியே கீழே துப்புங்கள். இடக்கையை இன்னொரு முறை கழுவி, அகப்பையை நிமிர்த்திப் பிடித்தால் மீதித் தண்ணீர் காம்பில் வழிந்து அதையும் கழுவிவிடும். பிறகு கவிழ்த்து வையுங்கள். அகப்பையில் நேராக வாய் வைப்பதும், தீர்த்தம் என்று நினைத்து விழுங்குவதும் கூடாது. அகப்பை இல்லாமல் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தால் அதிலேயே கழுவிக்கொள்ளலாம்.

காணிக்கைக்கு 5 யென் காசைத்தான் விரும்பிப் போடுவார்கள். அதில் எண்ணே இருக்காது, ஜப்பானிய எழுத்து மட்டும்தான். மஞ்சள் பித்தளை நிறமும் நடுவில் ஓட்டையும் இருந்தால் அதுதான். வெள்ளையாக ஓட்டையோடு இருப்பது 50 யென். காசை எறியாமல் மெதுவாகப் போட்டுவிட்டு, இடுப்பு வளைய இரண்டு கும்பிடு. நெஞ்சளவில் இரண்டு கைதட்டு. கை கூப்பியபடி வேண்டுதல். கடைசியாக ஒரு கும்பிடு. இந்தக் கைதட்டை பௌத்தக் கோயிலான கியோமிசுதேராவில் செய்யாதீர்கள்.

மூலக் கட்டடங்கள் இரண்டு. அவற்றுக்கு முன்னால் பிறந்த ஆண்டின் விலங்குப்படி கும்பிடும் சிறு சன்னதிகள் உண்டு. உங்கள் சன்னதியைக் கண்டுபிடிக்க, பிறந்த ஆண்டை 12-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள்: 0 குரங்கு, 1 சேவல், 2 நாய், 3 பன்றி, 4 எலி, 5 எருது, 6 புலி, 7 முயல், 8 டிராகன், 9 பாம்பு, 10 குதிரை, 11 ஆடு. 1990 என்றால் மீதி 10, குதிரை. சித்திரைக் கணக்கு வேண்டாம். ஜனவரி 1-தான் ஆண்டுப் பிறப்பு.

அர்ச்சனை, கற்பூரம், திருநீறு எதுவும் கிடையாது. வெற்றுத்தாள் போன்ற குறிச்சீட்டு விற்பார்கள். அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் எழுத்து தெரியும். மூலக் கட்டடங்களைப் படம் எடுக்காதீர்கள்.

ஜூலை கடைசியில் போனால் மிதராஷித் திருவிழா நடக்கும். மெழுகுவர்த்தியோடு முழங்கால் தண்ணீரில் நடக்கலாம். கோடையிலும் அந்தத் தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்ட வசதியாக உடுத்துங்கள். மே 15-ல் ஆஓய் ஊர்வலம். மழை என்றால் மறுநாள்.

மிதராஷி தாங்கோ என்ற அரிசிமாவு உருண்டை பிறந்த இடம் இதுதான் என்பார்கள். மேலே ஊற்றுவது சோயாவும் சர்க்கரையும் கலந்த பாகு. சைவர்கள் கவனிக்க வேண்டியது பக்கத்துக் கடையின் ஊதோன் என்ற நூடுல்ஸைத்தான்: காய்கறி மட்டுமே மிதந்தாலும் குழம்பு பெரும்பாலும் மீன் வேகவைத்த தண்ணீரில் செய்தது.