முதலில் ட, பிறகுதான் அ

போன விஜயதசமியன்று, பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் வீட்டில் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, நான்கு வயது மகளின் விரலைப் பிடித்து அ எழுதவைத்தார் என் மாமனார். மறுநாளே நான் புள்ளிக்கோட்டுப் பயிற்சி நூலை விரித்தேன். நான்கு நாள் அழுகைதான் மிச்சம். தவறு என்னுடையது. ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு குறுக்குக்கோடு, ஒரு நெடுங்கோடு என்று அ-வில் எல்லாமே இருக்கிறது. பிஞ்சுக் கைக்கு அது பெரிய வேலை. சடங்குக்கு அ இருக்கட்டும். பயிற்சியை ட-வில் தொடங்குங்கள்.

முதலில் விரல்களுக்குப் பலம் வேண்டும். சப்பாத்தி மாவைப் பிசையவும் உருட்டவும் ஒரு வாரம் விடுங்கள். பென்சில் வேண்டாம்.

அடுத்தது ரவைத் தட்டு. அடர்நிறத் தட்டில் ரவையை மெல்லியதாகப் பரப்புங்கள். மேலிருந்து கீழே ஒரு கோடு, கையை எடுக்காமல் அப்படியே வலப்பக்கம்: ட. ஆங்கில எல் எழுத்தைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கு இது ஏற்கெனவே பழக்கம். அதே கோட்டை மேலே ஏற்றினால் ப. மேலேறிய கோடு இடப்பக்கம் வளைந்து மீண்டும் அடிக்கோட்டுக்கு இறங்கினால் ம. இந்த மூன்றோடு புள்ளி வைக்கவும் சொல்லிக்கொடுத்தால் படம், மடம், பட்டம் வந்துவிடும். கூடவே ஒரு கால் போட்டால் மாமா, பாப்பா, பாடம். பொருளுள்ள சொல்லை எழுதிவிட்ட பிள்ளை தானாகவே மறுபடி தட்டைக் கேட்கும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். கொட்டிய ரவையைக் கூட்டுவதற்குத்தான் அதைவிட நேரமாகும்.

மூன்றாவதாகத் தண்ணீர். பழைய வண்ணத் தூரிகையை நனைத்து, சிமெண்டுத் தரையிலோ சுவரிலோ பெரிதாக எழுதச் சொல்லுங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் பழகும். நம் ஊர் வெயிலில் சில நிமிடத்தில் காய்ந்துவிடும். தவறும் அதோடு போய்விடும், அழிப்பான் தேவையில்லை.

பிறகு சுண்ணக்கட்டி. முழுசாகக் கொடுத்தால் கை முழுதாலும் இறுக்கிப் பிடிப்பார்கள். 3 சென்டிமீட்டர் அளவுக்கு உடைத்துக் கொடுங்கள். மூன்று விரலால்தான் பிடிக்க முடியும். பென்சில் பிடிக்கும் முறையைத் தனியாகப் பாடம் நடத்தத் தேவையிருக்காது.

இதற்குள் ர, ய என்று அடுத்த எழுத்துகளுக்கு நகரலாம். வ, ல போன்று சுழி உள்ளவற்றைப் பின்னால் வையுங்கள். 247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். கால், கொம்பு, புள்ளி பழகிவிட்டால் பெரும்பாலானவை அவற்றின் கூட்டணிதான். கு, சு, டு வரிசை மட்டும் அடங்காது. ஒவ்வொன்றும் ஒரு விதமாக வளையும். அதைப் பள்ளிக்குப் போகும் காலத்துக்கு நெருக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

காகிதம் கடைசியில்தான். பெரிய கட்டம் போட்ட நோட்டும் தடித்த பென்சிலும் எடுங்கள். இடதுகைப் பிள்ளையென்றால் கையை மாற்றாதீர்கள். தாளின் இடது மேல்மூலை உயர்ந்திருக்குமாறு சாய்த்து வையுங்கள். எழுத்து தலைகீழாகவோ இடவலம் மாறியோ வந்தால் சிவப்பு மையைத் தொடாமல், பக்கத்தில் நீங்கள் ஒருமுறை எழுதிக் காட்டுங்கள்.

எங்கள் வீட்டில் ஆறாவது வாரத்தில்தான் அ வந்தது. மகள் தாத்தாவிடம் ஓடிப்போய்க் காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "சுழி கொஞ்சம் பெரிசு" என்றார்.