மீன் கிடைத்த பாரை மறைத்து அனுப்பும்போது செய்யும் தவறுகள்

நல்ல மீன்பாடு கிடைத்த பார், அதாவது மீன் சேரும் கடலடிப் பாறைத்திட்டு, எங்கே என்று பாம்பனிலும் மண்டபத்திலும் யாரும் ஊரறியச் சொல்வதில்லை. அந்த ஜிபிஎஸ் புள்ளியைத் தம்பிக்கோ கூட்டாளிக்கோ அனுப்புவதானால், செய்தியைக் கடவுச்சொல்லால் பூட்டும் ஜிபிஜி என்ற மென்பொருள் போதும். ஆண்ட்ராய்டு போனில், கட்டளைகளை அடிக்கும் திரையை (டெர்மினல்) தரும் டெர்மக்ஸ் செயலியைப் போட்டு அதற்குள் நிறுவிக்கொள்ளலாம். டெர்மினலில் ‘ஜிபிஜி மைனஸ் சி’ (gpg -c) கட்டளையை அடித்தால் கடவுச்சொல் கேட்டுச் செய்தியைப் பூட்டித் தரும்.

இதை விட்டுவிட்டுச் சொந்தமாகச் சங்கேதம் கண்டுபிடிப்பதுதான் முதல் தவறு. ஒவ்வோர் இலக்கத்தோடும் 3 கூட்டி அனுப்பினால் யாருக்குப் புரியும் என்று தோன்றும். ஆனால் பாம்பனைச் சுற்றியுள்ள கடலில் அட்சரேகை 9 என்றும் தீர்க்கரேகை 79 என்றும் தொடங்குவது ஜிபிஎஸ் பிடித்த எல்லாருக்கும் தெரியும். 79 இருக்க வேண்டிய இடத்தில் 02 இருந்தால் கூட்டிய எண் என்ன என்று சிறுபிள்ளையும் சொல்லிவிடும். செய்தியை வேறு எழுத்துகளாக மாற்றி எழுதும் பேஸ்64 முறையும் பார்க்கத்தான் புதிராக இருக்கும். அதற்குச் சாவியே கிடையாது, யார் வேண்டுமானாலும் திருப்பலாம்.

அடுத்தது கடவுச்சொல். படகின் பதிவு எண்ணை வைப்பவர்கள் உண்டு. அதைத்தான் படகின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கிறோமே! ஏடிஎம் போல மூன்று முறை தப்பினால் அடைத்துக்கொள்ளும் வசதி இங்கே இல்லை. பூட்டிய செய்தி கையில் கிடைத்தவர் கணினியை வைத்துக் கோடிக்கணக்கில் முயன்று பார்க்கலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆறு சொற்களைக் குலுக்கிப்போட்டு எடுங்கள். அதையும் செய்திக்குக் கீழேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாமல், படகுத்துறையில் நேரில் பார்க்கும்போது சொல்லுங்கள். மறந்தால் மீட்டுத் தர ஆள் கிடையாது.

செய்தியைக் கட்டளையோடு சேர்த்து ஒரே வரியில் அடித்தால் அது, அடித்த கட்டளைகளையெல்லாம் சேமித்து வைக்கும் பேஷ் வரலாற்றுக் கோப்பில் அப்படியே தங்கிவிடும். கோப்பாக எழுதிப் பூட்டினாலும் ஜிபிஜி புதுக்கோப்பு ஒன்றை உண்டாக்குமே தவிர மூலத்தை அழிக்காது. பூட்டிய செய்தியை நகலெடுக்கக்கூடிய எழுத்துகளாகத் தரும் ‘ஆர்மர்’ (--armor) விருப்பத்தோடு கட்டளையை மட்டும் கொடுத்து, அப்புறம் செய்தியைத் தட்டி, கண்ட்ரோல் டி அழுத்துவது மேல். கோப்பே உருவாகாது.

பூட்டிய கையோடு அதே போனில் திறந்து பார்த்து, கடவுச்சொல் கேட்கவில்லையே என்று பதறுகிறவர்களும் இருக்கிறார்கள். ஜிபிஜி அதை வழக்கமாகப் பத்து நிமிடம் நினைவில் வைத்திருக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் போனை அடுத்தவர் கையில் கொடுக்காதீர்கள்.

ஆபத்துச் செய்தியை ஒருபோதும் பூட்ட வேண்டாம். அதற்குக் கடலோரக் காவல்படையின் 1554 இருக்கிறது.

எதிர்முனையில் திறக்கவில்லை என்றால், முதலில் நகலெடுத்த விதத்தைப் பாருங்கள். முதல் வரியிலும் கடைசி வரியிலும் உள்ள கோடுகள் உட்பட மொத்தமும் வந்திருக்க வேண்டும். ஒரு எழுத்து விட்டுப்போனாலும் சிக்கல்தான். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் இருக்கிறது. அதற்குள் இரண்டு போனிலும் பூட்டித் திறந்து பழகிவிடலாம்.