பழைய கிட்டாரா, புது கிட்டாரா? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறேன் என்று சொன்னால், "புதுசு வேணாம் தம்பி, நல்லா வாசிச்ச பழசா பாரு" என்று யாராவது ஒரு அண்ணன் சொல்லிவிடுவார். அதில் பாதி உண்மை. பல வருஷம் கை பட்டுத் தேய்ந்த கழுத்து பிடிக்க அவ்வளவு சுகமாக இருக்கும், அதைப் புதுசு தராது. ஆனால் நாம் ஒப்பிடுகிற விதம்தான் தப்பு.

பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த புது கிட்டாரை, ஒருத்தர் தன் கைக்கு ஏற்றபடி செட்டப் செய்து வைத்திருக்கும் பழசோடு ஒப்பிடாதீர்கள். ஸ்குயர், யமஹா பசிஃபிகா என எந்த மாடலானாலும் புதுசில் கம்பி பெரும்பாலும் உயரமாக இருக்கும். விரலும் வலிக்கும், அழுத்தும்போது சுருதியும் ஏறும். 12வது பிரெட்டில் (பிரெட் என்றால் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தடித்த கம்பியின் உயரத்தை 2 மில்லிமீட்டர் அளவுக்கு இறக்கி, கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைச் சரிபார்த்து, இரண்டிலும் ஒரே தடிமனில் புதுக் கம்பி போட்டு, ஒரே ஆம்பில் (ஒலிபெருக்கியில்) ஒரே சத்தத்தில் வாசித்துப் பாருங்கள். பழசின் 'கனிந்த' ஒலி பல சமயம் செத்த கம்பியின் மங்கல்தான். சத்தம் கொஞ்சம் கூடினாலே காதுக்கு அது நல்ல கிட்டாராகப் படும், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் கம்பிக்கு நெருங்கி இருந்தாலும் அப்படித்தான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெயர் மயக்கம். 1982இல் ஜப்பானில் செய்யத் தொடங்கிய ஸ்குயர்களுக்கு நல்ல பெயர் உண்டு என்பதற்காக எல்லாப் பழைய ஸ்குயரும் நல்லதாகிவிடாது. இன்றைக்குக் கணினி இயந்திரம் மரத்தை வெட்டுவதால், மலிவான புதுசுகூட பொதுவாக ஒழுங்காகவே வருகிறது.

நம்ம கரையில் பழசு என்றால் உப்புக்காற்று குடித்த பழசு. படகு ஆணியை உப்பு என்ன செய்யும் என்று தெரியுமல்லவா, உடம்பில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜின் திருகையும் அதையேதான் செய்யும். உடம்பில் சிராய்ப்பு இருந்தால் போகட்டும். திருகுகள் துருவேறி இறுகியிருந்தால் கம்பி உயரத்தை மாற்றவே முடியாது. ட்ரஸ் ராடை விற்பவரையே லேசாகத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்; அசையவில்லை என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பிரெட் சாதாரணமாகத் துருப்பிடிக்காது, ஆனால் தேயும். முதல் சில பிரெட்டில் ஆழமான பள்ளம் இருந்தால் மாற்றும் செலவு நீங்கள் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். வால்யூம் நாப் கரகரத்தால் மட்டும் பயந்து விட்டுவிடாதீர்கள், மின்தொடர்பைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனரிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆம்ப் இல்லை, சும்மா மீட்டிப் பாருங்கள் என்று சொன்னால் வாங்காதீர்கள். ஒரு சின்ன ஆம்பும் உங்கள் கேபிளும் கையோடு கொண்டுபோய், கேபிள் செருகும் ஜாக்கை ஆட்டி, ஒவ்வொரு பிக்கப்பாக மாற்றிக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.