மாருதி 800 இன்ஜினை ஸ்டாண்டில் ஏற்றுவது எப்படி?

இன்ஜினைத் தரையில் பழைய டயர் மேல் சாய்த்து வைத்துப் பிரிக்கும் வழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அப்படியும் வேலை முடியும். ஆனால் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்ற ஒரு தடவை, மேலே உட்காரும் ஹெட்டை ஏற்ற ஒரு தடவை என்று புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் விரல் நசுங்கும் பயம், மண் உள்ளே போகும் பயம். ஸ்டாண்டு என்பது இன்ஜினைப் பின்பக்கத்தில் போல்ட்டால் பிடித்து நிறுத்தும், சக்கரம் வைத்த தாங்கி. அதில் ஏற்றிவிட்டால் நின்ற இடத்திலேயே இன்ஜினைத் திருப்பி வைத்து வேலை பார்க்கலாம். வீட்டு ஷெட்டில் முதன்முதலாக இன்ஜின் பிரிக்கப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்டது மாருதி 800-இன் எஃப்8பி இன்ஜின். 796 சிசி, மூன்று சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பாகம்), அலுமினிய ஹெட். 2014-இலேயே தயாரிப்பு நின்றுபோனாலும் உதிரிபாகம் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இன்ஜின் இல்லை என்பது என் கருத்து.

வண்டியிலிருந்து இறக்குவதை இங்கே சொல்லப்போவதில்லை. ஆயிலும் கூலன்ட்டும் வடித்தாயிற்று, கியர்பாக்ஸ் தனியே வந்துவிட்டது, இன்ஜின் செயின் பிளாக்கில் (சங்கிலிக் கப்பியில்) தொங்குகிறது. அங்கிருந்து ஆரம்பிப்போம்.

ஸ்டாண்டு

கடைகளில் 340 கிலோ, 450 கிலோ, 560 கிலோ என்று எழுதி விற்கிறார்கள். மாருதி 800-க்கு எந்த ஸ்டாண்டும் எடை தாங்கும். எடையைவிட முக்கியம் கால் அமைப்பு. முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள மூன்று சக்கர ஸ்டாண்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. நம் சிமென்ட் தரைகளில் வெடிப்பும் குழியும் சகஜம். உருட்டும்போது அந்த ஒற்றைச் சக்கரம் ஒரு வெடிப்பில் மாட்டினால் ஸ்டாண்டு பக்கவாட்டில் சாயும். நான்கு சக்கரம், இரண்டு முன்கால்கள் உள்ளதையே வாங்குங்கள். இன்ஜின் ஒரு பக்கமாகத்தான் தொங்கும் என்பதால் முன்கால்கள் அதன் நடுப்பகுதியைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் பல்சக்கரத்தால் மெதுவாகத் திரும்பும் ஸ்டாண்டும் உண்டு. விலை அதிகம். பெரிய டீசல் இன்ஜின் பிரிப்பவர்களுக்கு அது நியாயமான செலவு. இந்த மூன்று சிலிண்டருக்குத் தேவையில்லை.

பிளைவீல்

ஸ்டாண்டின் சுழலும் பிளேட், அதிலிருந்து நீளும் நான்கு இரும்புக் கைகளோடு, உட்காரப்போவது கியர்பாக்ஸ் இருந்த இடத்தில். அதனால் பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட், பிளைவீல் எல்லாம் கழன்றாக வேண்டும். பிளைவீலும் கிராங்க்கும் (பிஸ்டன்களால் சுழலும் தண்டு) சேரும் இடத்தில் ஒரு பஞ்ச் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்க கிராங்க் ஆயில் சீலை மாற்றுவதாக இருந்தால் இப்போதே மாற்றுவது நல்லது. ஏற்றிய பிறகு ஸ்டாண்டின் நான்கு கைகளுக்கு நடுவே உங்கள் கையை விட்டுச் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் தொங்கும் இன்ஜினில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். மரக்கட்டை மேல் இறக்கி, செயின் இறுக்கமாக இருக்கும்போதே செய்யுங்கள்.

போல்ட்

பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இதுதான். கியர்பாக்ஸைப் பிடித்திருந்த போல்ட்டையே ஸ்டாண்டுக்கும் போடலாம் என்று நினைப்பார்கள். ஸ்டாண்டுக் கையின் நுனியில் உள்ள குழாயைத் தாண்டி பிளாக்குக்குள் மரை ஏற, அந்த நீளம் போதாது. வேறு போல்ட் வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஜப்பானிய வடிவமைப்பு இன்ஜின்களில் எம்10 போல்ட்டின் மரை இடைவெளி பெரும்பாலும் 1.25 மி.மீ. ஹார்டுவேர் கடையில் எம்10 என்று மட்டும் கேட்டால் 1.5 மரையைத்தான் கொடுப்பார்கள். அது ஓரிரு சுற்று உள்ளே போய் அப்படியே இறுகும். அங்கே ஸ்பேனர் போட்டு அழுத்தினால் பிளாக்கின் மரை போயிற்று. பழைய கியர்பாக்ஸ் போல்ட் ஒன்றைக் கையோடு எடுத்துப்போய், புதிய போல்ட்டின் மரையோடு சேர்த்து வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு மரையும் இடைவெளி தெரியாமல் ஒன்றுக்குள் ஒன்று பதிய வேண்டும். பழைய போல்ட்டுக்கு 14 ஸ்பேனர், கடையில் வாங்கியதற்கு 17 ஸ்பேனர் என்று வரலாம். தலையின் அளவு மாறினால் பரவாயில்லை, மரை மாறக் கூடாது. தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் இருக்க வேண்டும். எண்ணே இல்லாத போல்ட்டையும், முழுநீள மரைக் கம்பியை வெட்டிப் போடுவதையும் நான் ஏற்பதில்லை.

நீளத்தை அளக்கச் சைக்கிள் ஸ்போக்ஸ் ஒன்று போதும். பிளாக்கின் துளைக்குள் விட்டு ஆழத்தைப் பாருங்கள். குழாய் 75 மி.மீ., வாஷர் 2.5 மி.மீ., துளை 25 மி.மீ. என்றால் 100 மி.மீ. போல்ட் சரி, 22.5 மி.மீ. உள்ளே ஏறும், அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சும். வார்ப்பிரும்பில் குறைந்தது 15 மி.மீ. மரை பிடிக்க வேண்டும். அதே கணக்கில் 110 போட்டால் போல்ட்டின் நுனி துளையின் அடியில் முட்டி நின்றுவிடும். ஸ்பேனர் இறுகியதாகவே காட்டும், ஆனால் கை பிளாக்கோடு இறுகியிருக்காது. கண்டுபிடிக்க எளிய வழி: இறுக்கிய பிறகு தலைக்கு அடியில் உள்ள வாஷரை விரலால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் போல்ட் நீளம் அதிகம் என்று அர்த்தம்.

பிளாக்கின் துளைகள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் வாஷர்களை அடுக்காதீர்கள். லேத் பட்டறையில் தேவையான உயரத்துக்கு இரும்பு புஷ் (குழாய்போன்ற வளையம்) கடைந்து தருவார்கள்.

பிளேட்டை எங்கே வைப்பது

முதலில் ஒன்று. சுழலும் பிளேட்டை ஸ்டாண்டிலிருந்து உருவி எடுத்து, தொங்கும் இன்ஜினில் தனியாக மாட்டுங்கள். ஸ்டாண்டோடு சேர்த்து நான்கு துளைகளையும் ஒத்துப்போக வைப்பது தேவையில்லாத மல்லுக்கட்டு.

நான்கு கைகளையும் பிளேட்டில் தளர்வாக வைத்து, பிளாக்கின் போல்ட்டுகளை விரலாலேயே நாலைந்து சுற்று ஏற்றுங்கள். கைகள் முடிந்தவரை அகலமாக, பெருக்கல் குறிபோல விரிந்திருக்க வேண்டும். முதலில் பிளாக் பக்க போல்ட்டுகளை இறுக்குங்கள். எம்10-க்கு 40 முதல் 45 நியூட்டன் மீட்டர் போதும். அப்புறம்தான் கைகளைப் பிளேட்டோடு இறுக்குவது. வரிசையை மாற்றினால் துளைகள் ஒத்துவராமல் போல்ட் சாய்வாக நிற்கும்.

கைகளைப் பிளேட்டோடு இறுக்குவதற்கு முன் பிளேட்டின் நடுமையம் எங்கே வருகிறது என்று பார்த்தாக வேண்டும். முதல் தடவை எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான். பலரும் கிராங்க்கின் மையத்துக்கு நேராக வைப்பார்கள். பார்க்க அதுதான் நடுப்போல இருக்கும். ஆனால் ஹெட்டும் மேனிஃபோல்டும் உள்ள முழு இன்ஜினின் எடை மையம் கிராங்க்குக்கு மேலே இருக்கிறது. அப்படி மாட்டினால், பிளேட் சுழலாமல் பூட்டும் பின்னை உருவிய நொடியில் ஹெட் கீழே வரப் பார்க்கும், கைப்பிடி உங்கள் மணிக்கட்டைத் தாக்கும். பிளேட்டின் மையத்தைக் கிராங்க்குக்கு மேலே தள்ளி, எடை மையம் சுழலும் அச்சுக்குச் சற்றே கீழே வரும்படி வையுங்கள். அப்போது இன்ஜின் தானாகவே நிமிர்ந்து நிற்கும்.

எடை மையத்தைக் காண ஒரு வழி இருக்கிறது. இன்ஜினைக் கொக்கியில் தொங்கவிட்டு, பின்முகத்தில் கொக்கிக்கு நேர் கீழே தூக்குநூல் பிடித்துச் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். தூக்கும் இடத்தைப் பக்கவாட்டில் மாற்றி இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் வெட்டும் இடம்தான் நமக்கு வேண்டியது.

இறக்குவது

பிளேட்டின் தண்டில் கிரீஸ் தடவி, ஸ்டாண்டின் குழாய்க்கு நேராக இன்ஜினை இறக்கிச் செருகுங்கள். இன்ஜினைத் தள்ள வேண்டாம், ஸ்டாண்டை உருட்டி வருவது சுலபம். தண்டு முழுதாக உள்ளே போனதும் பூட்டுப் பின்னைப் போடுங்கள். செயினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். எடை ஸ்டாண்டுக்கு மாறும்போது கைகளின் வேரையும் வெல்டிங்கையும் பாருங்கள். லேசான வளைவு தெரியும், அது இயல்பு. ஒரே பக்கம் மட்டும் இறங்கினாலோ, பிளேட்டுக்கும் கைக்கும் நடுவே இடைவெளி திறந்தாலோ மறுபடி தூக்கிவிடுங்கள். செயினை உடனே கழற்றாமல், தளர்வாக மாட்டியபடியே பின்னை உருவிச் சிறிது திருப்பிப் பாருங்கள். ஹெட் பக்கம் இழுத்தால் பிளேட்டின் மையம் இன்னும் மேலே போக வேண்டும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு ஒருவர், ஏற்றும்போது சமநிலையாக இருந்த இன்ஜின் ஹெட்டைக் கழற்றியதும் திருப்பக் கனமாகிவிட்டது என்று எழுதியிருந்தார். அது இயல்புதான். ஹெட் போனால் எடை மையம் கீழே இறங்கும். சம்ப்பும் கிராங்க்கும் போனால் மேலே ஏறும். ஒவ்வொரு பாகம் கழன்ற பிறகும் பின்னை உருவும்போது கைப்பிடியை இரு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். ஹெட் போல்ட்டைத் தளர்த்தவோ இறுக்கவோ நீளக் கம்பியால் பலம் கொடுக்கும்போது இன்னொருவர் ஸ்டாண்டைப் பிடிக்கட்டும்.

ஜென், எஸ்டீம் வைத்திருப்பவர்களும் கேட்டார்கள். அவற்றின் ஜி வரிசை இன்ஜின்களில் பிளாக்கே அலுமினியம். செய்முறை இதேதான், ஆனால் 15 மி.மீ. மரை போதாது; 20 மி.மீ. உள்ளே பிடிக்க வேண்டும். துளையை முதலில் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, மரையில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் துருவை எடுத்துவிட்டு, போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றிப் பாருங்கள். கையால் ஏறாத துளையில் ஸ்பேனர் போட வேண்டாம். பக்கத்தில் வேறு துளை இருந்தால் கையை அங்கே நகர்த்திக்கொள்ளலாம்.